போடப் போட லூஸாகிடுமா?

தீபாவளி நெருங்கும் வாரங்களில் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் யாரும் தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. கூட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் போக முடியும். பக்கத்தில் தெப்பக்குளம், தலைக்கு மேலே மலைக்கோட்டை, எதிரே சாரதாஸ் ஜவுளிக்கடையை நோக்கிக் குழந்தை குட்டிகளோடு போகும் குடும்பங்கள். இந்தத் தெருவிலும் இதை ஒட்டிய சந்துகளிலும் உள்ள ஜீன்ஸ் கவுன்டர்களில் காலையிலிருந்து இரவு வரை ஒரே காட்சிதான். கல்லூரி மாணவர் ஒருவர் முன்னால் மூன்று ஜீன்ஸ் விரித்துக் கிடக்கும். மூன்றும் அடர்நீலம். மூன்றும் 32. லேபிளைப் பார்த்தால் ஒன்று ஸ்லிம், ஒன்று ஸ்லிம் ஸ்ட்ரெயிட், மற்றொன்று ஸ்லிம் டேப்பர். டிரையல் ரூமுக்குள் போய் வந்து, தொடையைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் பிடிக்குதேண்ணே" என்பார். கவுன்டரில் நிற்பவரிடம் பதில் தயாராக இருக்கும்: "ஸ்ட்ரெட்ச் துணி தம்பி. இப்ப அப்படித்தான் இருக்கும். போடப் போட லூஸாகிடும்."

இந்தச் சொல்லில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால், ஒன்றுபோலவே தெரியும் மூன்று ஜீன்ஸில் எதை எடுப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலில், அந்த மூன்றும் ஏன் ஒன்றுபோலத் தெரிகின்றன? லீவைஸ் நிறுவனம் 501 என்ற எண்ணைத் தன் ஜீன்ஸுக்குக் கொடுத்தது 1890 வாக்கில். இன்று அதே வரிசையில் 511 ஸ்லிம், 512 ஸ்லிம் டேப்பர், 513 ஸ்லிம் ஸ்ட்ரெயிட், 514 ஸ்ட்ரெயிட் என்று எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மற்ற கம்பெனிகளும் வேறு பெயர்களில் இதையேதான் செய்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஸ்டைல்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் முழங்காலிலோ பாட்டத்திலோ ஓர் அங்குலம் வரும், சில சமயம் அரை அங்குலம்தான். அது சுற்றளவில் வரும் வித்தியாசம் என்பதை மறந்துவிடக் கூடாது. சுற்றளவு ஓர் அங்குலம் கூடினால் குறுக்களவு சுமார் 8 மில்லிமீட்டர்தான் கூடும். காலின் இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4. ஆறடி தூரத்தில் மாட்டிய கண்ணாடியில் 4 மில்லிமீட்டரை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. ஆனால் கெண்டைக்கால் தசை கண்டுபிடிக்கும், அதுவும் மடக்கிய நொடியிலேயே. கண்ணாடி முன்னால் நின்று ஜீன்ஸ் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அடிப்படையிலேயே தவறான சோதனை. நிற்கும்போது மூன்றும் ஒன்றுதான்.

துணியின் உள்ளே போய்ப் பார்க்க, என்.எஸ்.பி. ரோட்டிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. உறையூர் போதும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, அர்காரு என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைப் பற்றிச் சொல்கிறது. அந்த ஊர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய பழைய சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. நெசவும் சாயமும் இவ்வளவு காலம் புழங்கிய ஊரில் பாவு, ஊடை என்ற இரண்டு சொற்களும் இயல்பாகவே நாக்கில் வரும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டிருப்பது பாவு. நாடாவோடு குறுக்கே ஓடுவது ஊடை. ஜீன்ஸைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு சொற்களே போதும்.

டெனிமில் பாவு நூல் மட்டும்தான் நீலம், ஊடை வெள்ளை. ஒவ்வொரு பாவு நூலும் மூன்று ஊடைக்கு மேலே போய், ஒன்றுக்குக் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறும். அதனால் துணியின் வெளிப்புறத்தில் நீலம் மேலோங்கும், உள்புறம் வெளிறி இருக்கும், சாய்வான வரிகளும் விழும். அந்த நீலம் அவுரிச் செடியில் இருக்கும் அதே இண்டிகோதான். 1897 முதல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். அதைத் தொழிற்சாலையில் தயாரித்து விற்கத் தொடங்கியது. இண்டிகோ தண்ணீரில் கரையாது. ஆக்சிஜனை நீக்கிக் கரைய வைத்து, அதில் நூலை முக்கி, காற்றில் எடுத்துப் பிடிப்பார்கள். பச்சையாக வெளியே வரும் நூல் காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். இப்படிப் பல முறை முக்கினாலும் சாயம் நூலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடும், நடு வெள்ளையாகவே இருக்கும். உரச உரச ஜீன்ஸ் வெளுப்பது அதனால்தான்.

ஸ்ட்ரெட்ச் இருப்பது அந்த வெள்ளை ஊடையில். பழைய ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸின் பாட்டத்தை மடித்துத் தைக்க வெட்டும்போது விழும் துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை நூலை ஊசியால் மெதுவாக உருவி, முறுக்கை எதிர்ப்பக்கமாகத் திருகினால் பஞ்சு பிரியும். நடுவில் தலைமுடியைவிட மெல்லியதாகப் பளபளக்கும் இழை ஒன்று இருக்கும். விரல் நகத்தால் இழுத்தால் நீண்டுகொண்டே போகும், விட்டதும் சட்டென்று சுருண்டு பஞ்சுக்குள் ஒளிந்துகொள்ளும். அதுதான் எலாஸ்டேன். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் 1958இல் உருவாக்கியது. ஸ்பாண்டெக்ஸ் என்பதும் இதுதான், லைக்ரா என்பது இதன் வணிகப் பெயர்.

லேபிளில் பருத்தி 98, எலாஸ்டேன் 2 என்று போட்டிருக்கிறதே, வெறும் இரண்டு சதவீதத்தால் துணி எப்படி இவ்வளவு இழுபடும் என்ற சந்தேகம் வருவது நியாயம். ரகசியம் நூற்பாலையில் இருக்கிறது. எலாஸ்டேன் இழையை அதன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மூன்றரை மடங்கு இழுத்துப் பிடித்த நிலையில் அதைச் சுற்றிப் பருத்தியை நூற்கிறார்கள். மூன்றரை மடங்கு இழுத்த இழை மூன்றரை மடங்கு மெலிந்துவிடும். அதனால் நூலின் எடையில் அதன் பங்கு மிகச் சிறியது. பாவில் எலாஸ்டேன் கிடையாது என்பதால் முழுத் துணியில் பங்கு இன்னும் குறைகிறது. தறியிலிருந்து இறங்கி நனைந்ததும் இழை தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். கூடவே பருத்தியையும் சுருக்கி நெளிய வைக்கும், துணியின் அகலம் குறையும். டிரையல் ரூமில் தொடைமேல் துணி இழுபடும்போது பருத்தி நீள்வதாக நினைக்கத் தோன்றும். உண்மையில் பருத்தியின் நெளிவுதான் நிமிர்கிறது. நெளிவு முழுக்க நிமிர்ந்துவிட்டால் அதற்கு மேல் ஓர் இம்மியும் வராது. ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் ஓர் எல்லை வரை இளகிக் கொடுத்து, பிறகு திடீரென்று சுவர்போல நிற்பது அதனால்தான்.

எலாஸ்டேன் ஏன் திரும்பி வருகிறது? அதன் நீண்ட மூலக்கூறுகளில் மிருதுவான பகுதிகளும் இறுகிய பகுதிகளும் மாறி மாறி வரும். மிருதுவான பகுதிகள் இடியாப்பம்போலக் கலைந்து சுருண்டு கிடக்கும். இறுகிய பகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு முடிச்சுகள்போல நிற்கும். இழுத்தால் இடியாப்பம் நிமிர்ந்து வரிசையாகும், விட்டால் மறுபடி கலையும். கலைந்து கிடக்க ஆயிரம் வழிகள் உண்டு, நிமிர்ந்து நிற்கச் சில வழிகள்தான். அதனால் வெப்பத்தில் ஓயாமல் அசையும் மூலக்கூறுகள் கலைந்த நிலைக்கே திரும்புகின்றன. முடிச்சுகள் மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். குளோரின் பிளீச் அவற்றை அரிக்கும். அதிகச் சூடு தளர்த்தும். ஆலையில் துணியின் அகலத்தை நிலைப்படுத்துவதே சுமார் 180 டிகிரி சூட்டில்தான். ஆகவே கரி இஸ்திரிப் பெட்டியின் முழுச் சூட்டை ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் மேல் நிறுத்தி வைப்பது, ஆலை செய்த வேலையை வண்டிக்கடையில் தப்பாகத் திரும்பச் செய்வது போல.

எலாஸ்டேன் திரும்பி வந்தாலும், அதைச் சுற்றியுள்ள பருத்தி முழுவதும் கூடவே வருவதில்லை. நூலோடு நூல் உரசி, நகர்ந்த இடத்திலேயே கொஞ்சம் தங்கிவிடும். மணிக்கணக்கில் இழுபட்டே இருந்தால் இந்தத் தங்கல் கூடும். ஆடைத் தொழிலில் இதை 'க்ரோத்' என்கிறார்கள். ஆய்வகத்தில் துணிப்பட்டையில் எடை கட்டித் தொங்கவிட்டு, எடுத்த பிறகு எவ்வளவு நீளம் மிச்சமாக நிற்கிறது என்று அளப்பார்கள். வீட்டிலேயே இதைச் செய்யலாம். துவைத்த ஜீன்ஸின் முழங்காலில் குறுக்கே 10 சென்டிமீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, ஒரு நாள் முழுக்க வண்டியோட்டி, உட்கார்ந்து எழுந்து, இரவு கழற்றியதும் அளந்து பார்க்க வேண்டும். 10.2 வந்தால் நல்ல துணி. 10.6 வந்தால், ஆறே மாதத்தில் முட்டியில் பை தொங்கப்போகும் துணி.

இந்த இடத்தில் பாலியஸ்டருக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பருத்தியோடு பாலியஸ்டர் கொஞ்சம் கலந்த லேபிளைக் கண்டால் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எலாஸ்டேனோடு கூடவே சுருள் தன்மையுள்ள பாலியஸ்டர் இழை ஒன்றையும் நூலின் நடுவில் வைத்து நூற்பது இந்தத் தங்கலைக் குறைப்பதற்கே. அப்படிப்பட்ட ஜீன்ஸ் வடிவம் மாறாமல் நீண்ட நாள் நிற்கும். ஆனால் பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. மே மாதத் திருச்சியில் இந்த வித்தியாசம் தொடையிலேயே தெரியும். பாலியஸ்டர் ஏழெட்டு சதவீதத்தைத் தாண்டினால் வெயில் காலத்துக்கு அதைத் தவிர்ப்பது நல்லது என்பதே இந்த அத்தியாயத்தின் கருத்து.

இனி முழங்கால். ஜீன்ஸ் ஸ்டைல் தேர்வின் முழுக் கதையும் இங்கேதான் இருக்கிறது.

1966இல் கிர்க், இப்ராஹிம் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உடல் மடங்கும்போது தோல் எந்தத் திசையில் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். முழங்காலை மடக்கும்போது அதன் மேலுள்ள தோல் குறுக்குவாக்கில் 12 முதல் 14 சதவீதம் நீள்கிறது. நெடுக்குவாக்கில் 35 முதல் 45 சதவீதம். இதைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். நிற்கும்போது முட்டியின்மேல் சுருக்கம் விழுந்து தளர்ந்திருக்கும் தோல், உட்கார்ந்ததும் முரசுத்தோல்போல இறுகிவிடும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெட்ச் ஊடையில் இருக்கிறது. ஊடை காலைச் சுற்றிக் குறுக்கே ஓடுகிறது. முட்டி கேட்பதோ நெடுக்கே நீளம். நெடுக்கே ஓடும் பாவில் எலாஸ்டேன் இல்லை. முட்டிக்கு எது தேவையோ அது இருக்கும் திசையில் பெரும்பாலான ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸில் ஸ்ட்ரெட்ச்சே கிடையாது!

பிறகு எப்படி உட்கார முடிகிறது? துணி வழுக்கி மேலே ஏறுகிறது. கெண்டைக்காலிலிருந்து கொஞ்சம், தொடையிலிருந்து கொஞ்சம் துணி முட்டியை நோக்கி நகர்ந்து வந்து அந்த நீளத்தைக் கொடுக்கிறது. உட்கார்ந்தால் பாட்டம் கணுக்காலுக்கு மேலே ஏறுவது இந்த நகர்வால்தான். கிர்க்கும் இப்ராஹிமும் உடலின் அசைவுக்கு ஆடை மூன்று வழிகளில் இடம் கொடுக்கிறது என்றார்கள்: தையலில் விட்ட தொளதொளப்பு, உடல்மேல் துணி வழுக்குவது, துணியே நீள்வது. ஸ்லிம், ஸ்லிம் ஸ்ட்ரெயிட், ஸ்லிம் டேப்பர் மூன்றும் மூன்றாவது வழியில் சமம். வேறுபடுவது இரண்டாவதில். டேப்பர் முட்டிக்குக் கீழே வேகமாகக் குறுகிக் கெண்டைக்காலைக் கவ்வும், துணி ஏற வழியிருக்காது. கீழிருந்து வர முடியாத துணியை முட்டி மேலிருந்து இழுக்கும். தொடை இறுகும், இடுப்பின் பின்பக்கம் கீழே இறங்கும். ஸ்லிம் ஸ்ட்ரெயிட்டில் பாட்டம் ஓர் அங்குலம் அகலம், கெண்டைக்காலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று இருக்கும், துணி தடையில்லாமல் மேலே ஏறிக்கொள்ளும். கண்ணாடியில் தெரியாத அந்த 4 மில்லிமீட்டர் வேலை செய்யும் இடம் இதுதான்.

மலைக்கோட்டைப் படிகளில் இதைப் பார்க்கலாம். அடிவாரத்து மாணிக்க விநாயகரிலிருந்து தாயுமானவர் சன்னதியைக் கடந்து உச்சிப் பிள்ளையார் வரை நானூறுக்கு மேற்பட்ட படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு முட்டி மடங்கி நிமிர வேண்டும். முதல் நூறு படிகளில் எந்த ஜீன்ஸும் பிரச்சினை செய்யாது. பிறகு வியர்க்கும். ஈரத் தோல்மேல் துணி வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். கெண்டைக்காலைக் கவ்விய ஜீன்ஸ் இப்போது இரண்டு மடங்கு சிக்கல். பாதி வழியில் நின்று இரண்டு கையாலும் தொடைத் துணியைக் கிள்ளி மேலே இழுத்துவிட்டுக்கொள்ளும் இளைஞர்களை அங்கே எந்த ஞாயிற்றுக்கிழமையும் காணலாம். துணி தானாகச் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் கையால் செய்கிறார்கள்.

மேசை நாற்காலி வாழ்க்கைக்கு ஏற்ற அளவுகளை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சம்மணம் போட்டுப் பந்தியில் உட்காருவதும், குந்தி உட்கார்ந்து வண்டிச் சக்கரத்துக்குக் காற்றுப் பார்ப்பதும், ஸ்ரீரங்கத்துப் பிரகாரத்தில் தரையில் அமர்வதும் இங்கே அன்றாடம். குந்தும்போது முட்டி முழுக்க மடங்கும், கெண்டைக்கால் அமுங்கி அகலமாகும். 2015இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்ததை ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. வீடு மாற்ற உதவிய 35 வயதுப் பெண் ஒருவர் இறுக்கமான ஸ்கின்னி ஜீன்ஸோடு மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து அலமாரிகளைக் காலி செய்திருக்கிறார். மாலையில் கால்கள் மரத்து விழுந்துவிட்டார். கெண்டைக்கால்கள் வீங்கி, ஜீன்ஸைக் கழற்ற முடியாமல் வெட்டித்தான் எடுத்தார்கள். நரம்பும் தசையும் பாதிக்கப்பட்டு, சில நாள் சிகிச்சைக்குப் பிறகே அவரால் நடக்க முடிந்தது. அரிதான சம்பவம்தான். ஆனாலும் ஜீன்ஸின் எந்தப் பகுதி இறுகினால் ஆபத்து என்பதை அது துல்லியமாகக் காட்டிவிட்டது.

கவுன்டர்க்காரர் சொன்னதில் எது உண்மை என்று இப்போது பிரித்துவிடலாம். இடுப்பும் தொடையும் குறுக்கே இழுபடும் இடங்கள். ஊடை தங்கல் கண்டு, சில முறை போட்டபின் அவை கொஞ்சம் இளகும். அங்கே இலேசான பிடிப்பு இருப்பது சரியே, ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்பதுதான் தவறு. கெண்டைக்கால் துணியும் இளகலாம், ஆனால் உட்காரும்போது மட்டுமே இறுகும் பிடிப்பு அதனால் போகாது. கவட்டிலிருந்து இடுப்பு வரையிலான உயரம் குறைவாக இருந்தால் அது என்றைக்கும் கூடாது, ஏனென்றால் அது பாவின் திசை. பாவு இளகாது.

அளவு எண்ணையும் முழுக்க நம்ப முடியாது. 2010இல் அமெரிக்காவின் எஸ்குவயர் இதழ் 36 என்று எழுதிய பேன்ட்களைக் கடை கடையாக டேப் வைத்து அளந்தது. ஒன்று 37 அங்குலம், இன்னொன்று 41. இந்தியாவுக்கென்று சொந்த அளவு முறை வேண்டும் என்று மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் கல்வி நிறுவனமும் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்தை எடுத்தன. அகமதாபாத் அரவிந்த் மில்ஸ் 1995 வாக்கில் வேறொரு வழியில் இதே சிக்கலைத் தாண்டியது. டெனிம் துணி, ஜிப், ரிவெட், பின்பக்க லேபிள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக 195 ரூபாய்க்கு 'ரஃப் அண்ட் டஃப்' என்ற பெயரில் விற்றது. வாங்கியவர் அதைத் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து, தன் தொடைக்கும் முட்டிக்கும் அளவெடுத்துத் தைத்துக்கொண்டார். உடம்பை அளந்து வெட்டிய துணி இளகிக் கொடுக்க வேண்டிய தேவை அவ்வளவாக இல்லை. ரெடிமேடில்தான் எலாஸ்டேன் தேவைப்படுகிறது, பத்து விதமான தொடைகளை ஒரே 32க்குள் அடைக்க.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஸ்டைல், ஒரே அளவு, இரண்டு நிறம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிர் நீலம் சலவையில் கல்லோடும் என்சைமோடும் அதிக நேரம் புரண்டு வந்தது, கறுப்புக்கு நூல் கலவையே வேறாக இருக்கலாம். சுருக்கமும் இழுவையும் மாறும். பிடித்த ஜீன்ஸின் எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு வேறு நிறத்தை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

ஆகவே டேப். வீட்டில் சுகமாக இருக்கும் பழைய ஜீன்ஸைத் தரையில் விரித்து மூன்று இடங்களை அளந்து போனில் குறித்துக்கொள்ள வேண்டும்: கவட்டிலிருந்து ஓர் அங்குலம் கீழே தொடை, முழங்கால், பாட்டம். கடையில் அதே மூன்றையும் அளந்தால் மூன்று ஜீன்ஸில் ஒன்று அநேகமாக அங்கேயே கழிந்துவிடும். மீதி இரண்டோடு டிரையல் ரூமுக்குள் போய்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிவிட்டு, முழுக்கக் குந்தி உட்கார வேண்டும். எழுந்து நின்று கையை எடுக்காமல் பார்க்க வேண்டும். மேலே ஏறிய பாட்டம் தானாகக் கணுக்காலுக்கு இறங்கினால் அந்த ஜீன்ஸ் அந்தக் காலுக்குரியது. கெண்டைக்காலிலேயே சிக்கி நின்றால் அடுத்த ஸ்டைலுக்குப் போகலாம்.

இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடினால் அகலமானதை எடுப்பதே புத்தி. ஜவுளிக் கடைகள் இருக்கும் தெருவில் ஆல்டரேஷன் கடையும் இருக்கும். முட்டியிலிருந்து பாட்டம் வரை உள்தையலைப் பிரித்து ஓர் அங்குலம் பிடித்து அடித்துக் கொடுப்பார்கள், ஸ்லிம் ஸ்ட்ரெயிட் அரைமணி நேரத்தில் டேப்பராகிவிடும். டேப்பரைக் கொண்டுபோய் அகலமாக்கச் சொன்னால் தையற்காரர் காலை உள்பக்கமாகத் திருப்பி, தையலுக்கு அப்பால் ஒரு நகக்கண் அளவே மிஞ்சியிருக்கும் துணியைக் கட்டைவிரலால் நீவிக் காட்டுவார். "இதுல என்ன தம்பி விடறது?"